மூத்த பூனையின் வீடு

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் நெடுகிலும் வீடுகள் அழிந்தன. அலையில் உம்மாவை இழந்த உறவுக்காரச் சிறுவன் ஒருவன் எங்கள் வீட்டில் அடைக்கலம் புகுந்தான். அடுத்த மாதம், இடிபாடுகளுக்கிடையே கண்டெடுத்த இரண்டு பூனைக்குட்டிகளைச் சாரனில் பொதிந்து கொண்டுவந்தான். அவற்றை வெளியே விடும்படி சொல்ல எங்களில் எவருக்கும் நா எழவில்லை.

வீட்டிலோ ஒன்பது வயதுப் பெண் பூனை ஒன்று ஏற்கெனவே இருந்தது. குட்டிகளைக் கண்டதும் சீறிற்று. வளவை விட்டுப் போய் மூன்று நாட்கள் தலைகாட்டவில்லை. பொறாமை என்றனர் அயலவர். வரலாறு வேறு விளக்கம் தருகிறது.

சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர் 2004இல் அறிவித்தனர். பூனைகள் இயல்பாக வாழ்ந்திராத தீவு அது. மனிதரே கடல்வழியாகக் கொண்டுசென்றிருக்க வேண்டும். நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்வது. வீட்டுப் பூனையின் மூதாதையோ மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனை. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி அது தானாகவே மனிதனிடம் வந்தது. நெல் மூடைகளையும் மருதமுனைத் தறிகளின் நூலையும் எலி விட்டுவைக்காத எமது பிரதேசத்திலும் பூனைக்கு அதே உத்தியோகம்தான்! தனித்து வேட்டையாடும் பிராணிக்குத் தன் எல்லையே சீவியம். கன்னத்தை உரசி மணத்தால் அது எல்லையிடுகிறது. அந்நிய மணம் வந்தால் எல்லை மீறப்பட்டதென்றே கொள்கிறது.

முஸ்லிம் வீடுகளில் பூனைக்குள்ள உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒளூச் செய்வதற்கான நீரிலிருந்து பூனையொன்று குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் நபித்தோழர் அபூ கதாதா (ரழி). பூனை அசுத்தமானதன்று, வீட்டாரைச் சூழ்ந்து திரியும் பிராணி என்ற கருத்துடைய நபிமொழியையும் அப்போது எடுத்துரைத்தார். அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இது உள்ளது. தூங்கிய பூனைக்காக நபிகளார் அங்கியின் கையை வெட்டிய கதையே நம்மவரிடம் பிரபலம். அதற்கு ஹதீஸ் தொகுப்புகளில் ஆதாரம் கிடையாது.

எங்கள் மூத்தம்மா சைப்பிரஸைக் கேள்விப்பட்டவரல்லர். ஆயினும் குட்டிகளைப் பக்க அறையில் அடைத்தார். பழைய சாரன் துண்டொன்றால் அவற்றைத் துடைத்து, மூன்றாம் நாள் திரும்பிவந்த மூத்த பூனை படுக்கும் சாக்கின் மீது போட்டார். அதைத் துடைத்த துண்டைக் குட்டிகளிடம் வைத்தார். மூடிய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் மீனும் சோறும். மூத்த பூனைக்கே எப்போதும் முதலில் வைப்பார். ஒரு வாரத்தின் பின் கதவைச் சற்றே திறந்தார், சீறியதும் சாத்தினார். மறுநாள் மீண்டும் திறந்தார். பையன் கதவடியிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

பதினேழாம் நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது கதவு திறந்து கிடந்தது. குட்டிகளிரண்டும் சாக்கின் ஓரத்தில் கிடந்தன. மூத்த பூனை முதுகைத் திருப்பிக்கொண்டு அதே சாக்கின் மறு ஓரத்தில் உறங்கியது. பையன் மட்டும் விழித்திருந்தான். ஓசை செய்ய வேண்டாமென்று எனக்குச் சைகை காட்டினான்.