தமிழ்க் கையெழுத்துப் பயிற்சி

தமிழ்க் கையெழுத்துப் பயிற்சி என்பது தமிழ் எழுத்துகளைத் தெளிவாகவும் சீராகவும் கையால் எழுதக் கற்பதையும் கற்பிப்பதையும் குறிக்கும். இது தொடக்கக் கல்வியின் முதற்படிகளுள் ஒன்றாகும். மணல், பனையோலை, கற்பலகை, தாள் என எழுதுபொருள் மாறியபோது பயிற்சி முறையும், ஓரளவுக்கு எழுத்துகளின் வடிவமும் மாறி வந்துள்ளன. எழுத்துகளை அழகு கருதித் தீட்டும் கலை வனப்பெழுத்து எனப்படும். கையெழுத்துப் பயிற்சியின் முதன்மை நோக்கம் பிறர் தடையின்றிப் படிக்கக்கூடிய எழுத்தை அடைவதாகும். அழகு அதற்கு அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகிறது.

"கையெழுத்து" என்னும் சொல் ஒப்பம் என்ற பொருளிலும் வழங்குகிறது. இக்கட்டுரை கையால் எழுதப்படும் எழுத்தைப் பற்றியது.

வரலாறு

மணலில் எழுதுதல்

திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினர். ஆசிரியர் எழுத்தை எழுதிக் காட்டுவார். மாணவர் அதன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அதன்மேல் விரலை ஓட்டுவார். பிறகு மணலைத் தடவிச் சமன் செய்து தாமே எழுதுவார். இம்முறையில் எழுதுபொருளுக்குச் செலவு இல்லை. பிழையை உடனே அழித்துத் திருத்தலாம். கண், செவி, நா, விரல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஈடுபடுவதும் இதன் சிறப்பாகும். மூத்த மாணவர்கள் இளையோருக்குக் கற்பிப்பதும் இப்பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. ஆசிரியருக்குத் துணையாக வகுப்பை நடத்திய மாணவர் சட்டாம்பிள்ளை எனப்பட்டார்.

1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த செருமானியச் சமயப் பணியாளரான சீகன்பால்கு, உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் மாணவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் எழுதியே தமிழ் எழுத்துகளைக் கற்றார்.

சென்னை முறை

மணலெழுத்து முறை தமிழகத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது குறிப்பிடத்தக்கது. இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் (1753–1832) என்பவர் 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் அவர் குதிரையில் சென்றபோது, "மலபார்" பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே அழைத்து வந்தனர். தமது காப்பகத்திலும் இம்முறையைப் புகுத்த அவர் விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அது இயலாது என்று கூறிவிட்டதால், ஜான் பிரிசுகன் என்னும் எட்டு வயது மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதைச் செய்து காட்டினான்.

1796 இல் நாடு திரும்பிய பெல், இச்சோதனையைப் பற்றிய அறிக்கையை 1797 இல் இலண்டனில் வெளியிட்டார். இம்முறை "சென்னை முறை" என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவியது. இதையொத்த முறையை நடத்திய ஜோசப் லங்காசுட்டர் (1778–1838) என்பவரின் பள்ளிகளிலும் மணல் பரப்பிய மேசைகள் பயன்பட்டன. மணலெழுத்து, மாணவரே கற்பித்தல் ஆகிய இரண்டும் சேர்ந்து, குறைந்த செலவில் மிகப் பலருக்கு எழுத்தறிவு கொடுக்க வழி செய்தன. பெல் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் தொடங்கப்பட்ட பள்ளி இன்றும் "மெட்ராசு காலேஜ்" என்னும் பெயரிலேயே இயங்குகிறது.

1822 இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1823 இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் அனுப்பிய அறிக்கை, இப்பள்ளிகளின் சிக்கனமான எழுத்துப் பயிற்சியைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் எனக் கூறுகிறது. அதே அறிக்கை, வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலை பெருகி வருவதையும் பதிவு செய்துள்ளது.

ஓலையில் எழுதுதல்

மணலில் தேர்ந்த மாணவர்கள் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதப் பழகினர். ஓலையில் எழுதுவது தாளில் எழுதுவதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடக்கைப் பெருவிரலை எழுத்தாணிக்கு அண்டக் கொடுத்து, வலக்கையால் எழுத்தைக் கீற வேண்டும். கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கரியோடு இலைச்சாறு முதலியவற்றைக் கலந்து தடவித் துடைத்தால் கீறலில் மை படிந்து எழுத்து புலப்படும். ஓலையில் அழித்து எழுத இயலாது என்பதால், தடுமாற்றமின்றி எழுதும் திறன் பெரிதும் மதிக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இத்திறன் புலமைக்கு இன்றியமையாததாக இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களை வாயாற் சொல்லிச் செல்ல, அவருடைய மாணவர்கள் அவற்றை ஏட்டில் எழுதினர். உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாறான என் சரித்திரத்தில் திண்ணைப் பள்ளிப் படிப்பையும் ஏடெழுதும் வழக்கத்தையும் விரிவாகக் குறிப்பிட்டுள்ளார்.

தாளும் கற்பலகையும்

அச்சு நூல்களும் அரசு அலுவலகங்களும் பெருகிய பின் தாள், மை, பேனா ஆகியவை ஓலையின் இடத்தைப் பிடித்தன. பள்ளிகளில் கற்பலகையும் பலப்பமும் (இலங்கை வழக்கில் சிலேட்டும் சிலேட்டுப் பென்சிலும்) மணலின் இடத்தைப் பிடித்தன. எனினும் விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதச் செய்யும் சடங்கில் பழைய மணலெழுத்தின் சாயல் இன்றும் காணப்படுகிறது. இச்சடங்கு இலங்கைத் தமிழரிடையே ஏடு தொடக்குதல் எனப்படும்.

எழுதுபொருளும் எழுத்து வடிவமும்

ஓலையின் நார்ப்போக்கில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் தென்னிந்திய எழுத்துகள் வளைந்த வடிவம் பெற்றன என்பது பரவலாகக் கூறப்படும் கருத்தாகும். தமிழைப் பொறுத்தவரை இவ்விளக்கம் முழுமையானதன்று. ட, ப, ம முதலிய எழுத்துகள் ஓலைக் காலத்தைக் கடந்தும் நேர்கோடுகளோடே நிலைத்துள்ளன.

ஓலையின் தாக்கம் புள்ளியில் தெளிவாகத் தெரிகிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் கூறுகிறது. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழக்கூடும் என்பதால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. "எரி", "ஏரி" என்னும் இரு சொற்களும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ரகரத்துக்குக் கீழ்க்கோடு இல்லாமையால் அதுவும் கால் குறியும் ஒன்றாகத் தோன்றின. எனவே ஒரே வடிவத்தை "கொ", "கோ", "கெர", "கேர" என நான்கு வகையாகப் படிக்க இயலும். எது சரி என்பதைப் பொருளும் யாப்பும் அறிந்தவரே முடிவு செய்ய முடியும்.

சீர்திருத்தங்கள்

இத்தாலிய அறிஞர் வீரமாமுனிவர் (1680–1747) நெடில்களை வேறுபடுத்தும் ஏ, ஓ ஆகிய வடிவங்களையும் இரட்டைக் கொம்பையும் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

அடுத்த பெரிய மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935 இல் தம் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். அவர் பரிந்துரைத்தவற்றுள் 13 எழுத்துகளின் மாற்றத்தை 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது. அவை வருமாறு:

- ஆகார வரிசை: ணா, றா, னா
- ஒகர வரிசை: ணொ, றொ, னொ
- ஓகார வரிசை: ணோ, றோ, னோ
- ஐகார வரிசை: ணை, லை, ளை, னை

இவற்றின் பழைய வடிவங்களில் துணைக்குறிகள் எழுத்தோடு பிணைந்திருந்தன. ஐகார வரிசையின் நான்கு எழுத்துகள் யானையின் துதிக்கை போன்ற வளைவைக் கொண்டிருந்தன. மாற்றத்திற்குப் பின் குழந்தைகள் இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை நீங்கியது. பழைய முறையில் பயின்ற முதியோர் சிலர் கையெழுத்தில் அவ்வடிவங்களைத் தொடர்ந்து பயன்படுத்தினர். ஆகவே பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் படிப்போர் அவற்றை அறிந்திருத்தல் நன்று.

பயிற்சி முறை

எழுதும் நிலை

நேராக அமர்ந்து, தாளை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். பென்சிலைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் அழுத்தமின்றிப் பிடிப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இறுக்கிப் பிடித்தால் கை விரைவில் சோர்ந்து, எழுத்தும் வரவரக் கெடும். தமிழுக்கு இரட்டைக் கோட்டுக் குறிப்பேடு பயன்படுகிறது. எழுத்தின் உடல் இரு கோடுகளுக்கு இடையில் அமையும். இகர, ஈகாரக் குறிகளின் வளைவு மேற்கோட்டைத் தாண்டும். உகர, ஊகாரக் குறிகள் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கும்.

எழுத்துகளின் வரிசை

அகர வரிசையில் கற்பிப்பது மரபு. ஆனால் அ, ஆ, இ ஆகியவை சுழியும் வளைவும் மிகுந்தவை என்பதால், பழகாத விரல்களுக்குக் கடினமானவை. ஆகவே வடிவ ஒற்றுமை நோக்கிக் கற்பிக்கும் முறையும் உண்டு. இதில் ட, ப, ம போன்ற எளிய எழுத்துகள் முதலில் வரும். இம்மூன்றைக் கொண்டே படம், மடம், பட்டம் முதலிய சொற்களை எழுதலாம் என்பதால், குழந்தை தொடக்கத்திலேயே பொருளுள்ள சொல்லை எழுதி மகிழ்கிறது.

உகர, ஊகார எழுத்துகள்

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள் இருப்பினும் பெரும்பாலானவை அடிப்படை எழுத்தும் துணைக்குறியும் சேர்ந்தவை. உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளே தனியே பழக வேண்டியவை. உகர எழுத்துகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தால் நினைவில் கொள்வது எளிது.

- கீழே நேராக இறங்குபவை: ஙு, சு, பு, யு, வு
- கீழே வளைபவை: கு, டு, மு, ரு, ழு, ளு
- கால் நீண்டு மேலே எழுபவை: ஞு, ணு, து, நு, லு, று, னு

அடிக்கடி நேரும் மயக்கங்கள்

- ண, ன: முன்னதற்கு மூன்று சுழி, பின்னதற்கு இரண்டு சுழி. விரைந்து எழுதும்போது ஒரு சுழி மறைந்தால் சொல்லே மாறும். "மணம்", "மனம்" இதற்கு எடுத்துக்காட்டு.
- ர, கால்: ரகரத்தின் கீழ்க்கோட்டை விட்டால் கால் குறியாகிவிடும். ர், ரி, ரீ ஆகியவற்றில் பல அச்செழுத்துகள் கீழ்க்கோட்டை விட்டுவிடுவது குழந்தைகளின் குழப்பத்தை மிகுவிக்கிறது.
- ஔ, ஒள: ஔகாரத்தில் வரும் ளகர வடிவம் சிறிதாக எழுதப்பட வேண்டும்.
- கொம்பு: ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வேறுபாடு தெரிய எழுதாவிடின் "கொடு", "கோடு" என்பன ஒன்றாகிவிடும்.

இடக்கைப் பழக்கமும் எழுதுதல் இடர்ப்பாடும்

இடக்கையால் எழுதும் குழந்தைகளை வலக்கைக்கு மாற்ற வற்புறுத்துவது முன்பு பரவலாக இருந்தது. இதனைக் கல்வியாளர்கள் இன்று ஏற்பதில்லை. இடப்புறமிருந்து வலப்புறம் எழுதும் முறையில், இடக்கை எழுதிய பகுதியை மறைத்துச் செல்லும். தாளை வலப்பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலைச் சற்று மேலே பிடித்தால் இக்குறை பெரிதும் தீரும்.

அறிவுத்திறன் நன்றாக இருந்தும் சில குழந்தைகளுக்கு எழுதுவது மட்டும் மிகக் கடினமாக இருக்கும். இது டிசுகிராபியா எனப்படும். இதைச் சோம்பல் எனக் கருதித் தண்டிப்பதால் பயனில்லை. இத்தகையோருக்குத் தனிப் பயிற்சியும் கூடுதல் நேரமும் தேவைப்படும்.

வனப்பெழுத்து

வனப்பெழுத்தில் பட்டை முனையுள்ள பேனா அல்லது தூரிகை பயன்படுகிறது. பட்டை முனையை எழுதுகோட்டுக்கு 30 பாகை சாய்வாகப் பிடித்தால் செங்குத்துக் கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மெலிந்தும் அமையும். 45 பாகையில் இரண்டும் ஒரே தடிப்பில் அமையும். எழுதி முடிக்கும்வரை இச்சாய்வை மாற்றாமல் இருப்பதே முதற்பயிற்சியாகும். தற்கால மேலைநாட்டு வனப்பெழுத்துக் கல்விக்கு எட்வர்டு ஜான்சுட்டன் 1906 இல் வெளியிட்ட கைந்நூல் அடிப்படையாக அமைந்தது. தமிழில் விளம்பரப் பலகை எழுதுவோரும், திரைப்படத் தலைப்பு, நூலட்டை முதலியவற்றை வரைவோரும் இக்கலையை வளர்த்தனர்.

தட்டச்சும் கையெழுத்தும்

கணினியும் கைப்பேசியும் பரவிய பின் கையால் எழுதும் தேவை குறைந்துள்ளது. எனினும் எழுதுவதால் விளையும் பயன் குறித்து ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எழுத்தைத் தாமே எழுதிப் பழகியபோது, படிப்பதற்கான மூளைப் பகுதிகள் தட்டச்சுப் பழகியதைவிட மிகுதியாகத் தூண்டப்பட்டதைக் காட்டியது. கையால் குறிப்பெடுக்கும் மாணவர்கள் பாடத்தை நன்கு உள்வாங்குகின்றனர் என 2014 இல் வெளியான ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் அதை மீண்டும் செய்து பார்த்து 2019 இல் வெளியான ஆய்வில் அத்தகைய தெளிவான முடிவு கிடைக்கவில்லை. இவை உரோமன் எழுத்தில் நடந்தவை. எழுத்துகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபட்ட தமிழுக்கு இவற்றை அப்படியே பொருத்திவிட இயலாது.

பழைய கையெழுத்தைப் படித்தல்

கையெழுத்துப் பயிற்சி எழுதுவதோடு முடிவதில்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் முதலியவற்றில் ஏராளமான ஓலைச்சுவடிகள் உள்ளன. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997 இல் யுனெசுக்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஓலையை ஒளிப்படம் எடுத்துக் காக்கலாம். ஆனால் புள்ளியும் இரட்டைக் கொம்பும் இல்லாத எழுத்தைப் பிழையின்றிப் படிக்கப் பயின்ற ஆள் வேண்டும். மருத்துவச் சுவடியில் ஒரு மூலிகையின் பெயரையோ அளவையோ தவறாகப் படித்தால் மருந்தே மாறிவிடும். ஆகவே சுவடிகளைக் காப்பது போலவே, அவற்றைப் படிக்கும் பயிற்சியை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும் தேவையாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- தமிழ் எழுத்து முறை
- தமிழ் எழுத்துச் சீர்திருத்தம்
- ஓலைச்சுவடி
- எழுத்தாணி
- திண்ணைப் பள்ளிக்கூடம்