மார்கழிப் பனியில் கூட்ஸ் வண்டி

பாரீஸ் அருகே அர்ஜாந்தேயில் உறைபனியில் நின்ற ரயிலை மோனே 1875-இல் வரைந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த ஓவியம் அப்போதே பழக்கம். நம் ஆவடியில் உறைபனி ஏது? மார்கழி மூடுபனிதான். ஆனால் குளிர்காற்றில் நீராவி சட்டென்று துளிகளாகி, வெள்ளை வெளேரென்று பொங்கித் தெரியும். கூட்ஸ் வண்டியைப் படமெடுக்க அந்த விடியற்காலைதான் சரி.

1856-இல் ராயபுரம்–வாலாஜா ரோடு பாதை திறந்தபோது தொடங்கிய நீராவி அது. 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ராணுவ ஊரில் கேமராவைத் தூக்க யாருக்குத் துணிச்சல்? 1979-இல் திருவள்ளூர் வரை மின்பாதை வந்தது. பிறகு நீராவி எஞ்சின் அருகிப்போயிற்று.

மூடுபனி இன்றும் உண்டு, கூட்ஸும் உண்டு. அந்த வெள்ளைப் புகை மட்டும் என் பெட்டியில் இரண்டே படங்களாக இருக்கிறது. இரண்டும் அம்பத்தூர் கேட்டருகே எடுத்தவை.