நள்ளிரவில் கிளம்பிய வளன்

பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில், துன்பத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வருகிறவர் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. சுடாத பொம்மை தண்ணீர் பட்டால் கரைந்துபோகும். சூளைக்குள் போய்வந்த பொம்மை நிலைக்கும். விசுவாசமும் அப்படித்தான் என்பார்கள். உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் நின்று அதைச் சொல்ல யாருக்கும் நா எழாது. அந்த உவமை துன்பத்துக்குக் காரணம் சொல்கிறதே தவிர, துணைக்கு வருவதில்லை. சீராக்கின் ஞானநூல் 27ஆம் அதிகாரமும் குயவர் கலத்தைச் சோதிக்கும் சூளையைப் பேசுகிறது. ஆனால் மனிதருக்குச் சோதனை அவர்களுடைய பேச்சில் இருக்கிறது என்று அங்கே முடிக்கிறது. துன்பத்தில் இருப்பவர் கடவுளிடம் என்ன பேசுகிறார் என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது.

இதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு விடை உண்டு. மங்கலம்பேட்டை அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் கண்டவர் வீரமாமுனிவர். பிள்ளையில்லாத வருத்தத்தில் இருந்த முகாசாபரூர் கச்சிராயர் அதற்குத் துணை நின்றார் என்பது ஊர் மரபு. அவர் இந்து. இன்றும் ஜனவரித் திருவிழாவில் அந்தக் குடும்பத்துக்கு மரியாதை உண்டு. தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிற்கும் அந்த அன்னையிடம் எல்லாச் சமயத்தாரும் தம் குறைகளைச் சொல்லிப் போகிறார்கள்.

முனிவர் துன்பத்தை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். 1680இல் இத்தாலியில் பிறந்து 1711இல் தமிழகம் வந்தவர், சில ஆண்டுகளிலேயே குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு மரண தண்டனையின் விளிம்புவரை போய்த் தப்பினார். அப்படிப்பட்டவர் 1726இல் முடித்த பெருங்காப்பியத்துக்கு யாரைத் தலைவராக்கினார்? வெற்றிவீரர் எவரையும் அல்ல, சூசையப்பரை. அவரையே வளன் என்று பாடினார்.

நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்த மௌனத்துக்கு முனிவர் கொடுத்தது 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்! மத்தேயு 2ஆம் அதிகாரத்தை நிறுத்திப் படித்தால் இதன் பொருத்தம் விளங்கும். ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். சூசையப்பருக்குக் கனவில் எச்சரிக்கை வருகிறது. அவர் எழுகிறார், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு அந்த இரவிலேயே எகிப்துக்குப் புறப்படுகிறார். எப்போது திரும்பலாம் என்று அவருக்குத் தெரியாது. கடவுள் ஏன் இதை அனுமதிக்கிறார் என்பதற்கும் விளக்கம் இல்லை. கடவுளே கைக்குழந்தையாக உடன் வரும்போதும் வழியின் களைப்பு குறைந்துவிடுவதில்லை. கடவுளோடு நெருங்கியிருந்தால் கஷ்டம் வராது என்று நம்பவைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

வளன் வாய் திறவாமல் நடந்தவர். அழுகிறவர்களுக்கு முனிவர் வேறொரு நூலும் தந்தார்: அன்னை அழுங்கல் அந்தாதி. சிலுவையில் மகனைக் கண்ட தாயின் புலம்பல் அது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகிவிடும்; ஓயாமல் தொடரும் அழுகைக்கு அதைவிட ஏற்ற யாப்பு கிடையாது. இப்படிப் புலம்புவது திருவிவிலியத்துக்கும் புதிதல்ல. திருப்பாடல் 88 ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசு எழுப்பிய கதறல் திருப்பாடல் 22இன் தொடக்கம். கைவிட்டீரே என்று கடவுளிடமே முறையிடுகிறவர் அவரை விட்டு விலகியவர் ஆகமாட்டார். இன்னும் அவர் முகம் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

நம் பங்குகளில் துக்க வீட்டுக்குச் செபிக்கப் போகிறவர்கள் புத்திமதியைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். திருப்பாடல் 88ஐயும் அழுங்கல் அந்தாதியையும் அங்கே நிதானமாக வாசியுங்கள். பிறகு, அந்த வீட்டார் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.