பார்க்காமலே சொன்ன தீர்ப்பு

ஒரு ஓவியத்தை வரைந்தது யார் என்று நீதிமன்றத்தில் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியுமா? 1929-ல் நியூயார்க்கில் அப்படித்தான் முயற்சி செய்தார்கள்!

முதல் உலகப்போர் முடிந்த சமயம். ஹாரி ஹான் என்ற அமெரிக்கப் படைவீரர் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். கல்யாணப் பரிசாக ஆந்த்ரேக்கு ஒரு பழைய ஓவியம் கிடைத்திருந்தது. சிவப்பு உடை, நெற்றியில் சின்னக் கல் பதித்த மெல்லிய பட்டை, பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண். பெயர் 'லா பெல் ஃபெரோனியேர்'. லியோனார்டோ டாவின்சி வரைந்தது என்று ஒரு பிரெஞ்சு நிபுணர் சான்றிதழும் கொடுத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அதே பெயரில், அதே பெண்ணின் ஓவியம் ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்தது.

ஹான் தம்பதியின் படத்தை வாங்க கான்சஸ் சிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1920 ஜூனில் ஒரு பத்திரிகை நிருபர் ஜோசப் டுவீனிடம் கருத்துக் கேட்டார். டுவீன் சாதாரண ஆள் இல்லை. ஐரோப்பியப் பிரபுக்களின் ஓவியங்களை வாங்கி அமெரிக்கக் கோடீஸ்வரர்களுக்கு விற்ற மிகப் பெரிய வியாபாரி. "அது நகல். அசல் லூவரில் இருக்கிறது" என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டார். படத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை!

செய்தி வந்ததும் பேரம் முறிந்தது. தன் படத்தின் மதிப்பைக் கெடுத்துவிட்டதாக ஆந்த்ரே 5 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

1923-ல் ஹான் படத்தை லூவருக்கே கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். டுவீன் கூட்டி வந்த பெரிய பெரிய நிபுணர்கள் ஹான் படம் லியோனார்டோ வரைந்ததல்ல என்று சாட்சி சொன்னார்கள். பெர்னார்ட் பெரென்சன் அதில் முக்கியமானவர். ஆனால் லூவர் படமே லியோனார்டோ வரைந்ததா என்பதில் சந்தேகம் தெரிவித்து முன்பு எழுதியவரும் இதே பெரென்சன்தான். போதாக்குறைக்கு, டுவீன் விற்கும் இத்தாலிய ஓவியங்களின் லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று 1912-லிருந்தே ஒரு ரகசிய ஒப்பந்தம் இருந்தது. (அது வெளியே தெரிந்தது வெகுகாலம் கழித்துத்தான்.)

1929 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. எக்ஸ்ரே படங்கள், வண்ணங்களின் வேதியியல் என்று ஜூரிகளுக்குத் தினமும் பாடம் நடந்தது. 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்ற கேள்விக்கு நிபுணர்களால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. பல வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். பொற்கொல்லர் தங்கத்தை உரசிக் காட்டுவார். இவர்களிடம் உரைகல் கிடையாது. புத்தகத்தில் ஒன்று எழுதி, சாட்சிக் கூண்டில் வேறொன்று சொன்ன நிபுணர்களை நீதிபதி பிளாக் கிண்டலே செய்தார்.

ஜூரிகள் மணிக்கணக்கில் விவாதித்தும் ஒத்துப்போகவில்லை. ஒன்பது பேர் ஆந்த்ரே பக்கம், மூன்று பேர் டுவீன் பக்கம். மறுவிசாரணைக்கு உத்தரவானது. அதற்குள் டுவீன் 60,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்.

பணம் வந்தது, படத்தின் பெயர் திரும்பவில்லை. யாரும் அதை லியோனார்டோ விலைக்கு வாங்கத் தயாராக இல்லை. ஹாரி ஹான் 1946-ல் இந்த விவகாரம் பற்றி ஒரு கோபமான புத்தகம் எழுதினார். படம் பல காலம் பெட்டகத்தில் கிடந்தது.

இத்தனைக்கும் டுவீன் சொன்னதன் சாரம் சரிதான். இன்று பெரும்பாலான அறிஞர்கள் லூவர் படத்தையே லியோனார்டோ வரைந்ததாக ஏற்கிறார்கள். ஆனால் சரியான பதில் என்பது ஒன்று, பார்க்காமல் சொல்வது இன்னொன்று. போட்டியாளர்களின் சரக்கை ஒரே வார்த்தையில் செல்லாக்காசாக்கும் பலம் இருந்த ஒரு வியாபாரி அப்படிப் பேசியதைத்தான் அந்த ஒன்பது பேரால் ஏற்க முடியவில்லை போலும்.

2010 ஜனவரியில் நியூயார்க்கில் சதபீஸ் நிறுவனம் ஹான் படத்தை ஏலம் விட்டது. பட்டியலில் போட்டிருந்தது, லியோனார்டோவைப் பின்பற்றிய யாரோ ஒருவர் வரைந்தது என்றுதான். அதிகபட்சம் 5 லட்சம் டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது சுமார் 15 லட்சம் டாலருக்கு!