பெட்டிக்கு ஒரு காற்று டேங்க்

ஊத்துக்கோட்டை பஞ்சர் கடையில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சற்று ஓடி நின்றுவிடும். அதன் பிறகு வரும் வண்டிகளுக்கு டேங்கில் சேர்ந்த காற்றுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இதையே பெரிதாக வைத்து 'ரிசீவர்' என்பார்கள். கம்ப்ரசர் தள்ளும் காற்றைச் சீராக்கும். திடீர்த் தேவைக்குக் கைகொடுக்கும். காற்றின் ஈரத்தை அடியில் தங்கவைக்கும்.

இந்த டேங்க் உயிர் காத்த கதை ரயிலில் நடந்தது. 1869-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தார். டேங்க் எஞ்சினில் மட்டும் இருந்தது. அங்கிருந்து குழாய் வழியே காற்று போனால்தான் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை!

1872-இல் அவரே அதைத் தலைகீழாக்கினார். பெட்டிக்குப் பெட்டி ஒரு சிறு டேங்க்; குழாயில் எப்போதும் அழுத்தம். அது குறைந்த உடனே அந்தந்தப் பெட்டியின் டேங்க் காற்றே பிரேக்கைப் பிடித்துவிடும். கழன்ற பெட்டியும் தானே நிற்கும்.

இப்படித் தானாகப் பிடிக்கும் பிரேக் எல்லா ரயிலுக்கும் வந்துவிடவில்லை. 1889-இல் அயர்லாந்தின் ஆர்மா அருகே, மேடேற முடியாத ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பின்பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே பயணி ரயில்களில் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கப் பிரிட்டனில் சட்டம் வந்தது.

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் நிற்கும்போது அடியில் கம்ப்ரசர் கடகடவென்று ஓடி ஓயும். டேங்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவேன்.