ஒஸ்ரினும் டர்போவும்: ஒரு காரின் விலைக்குள் இருக்கும் வரலாறு

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் தமக்கையின் மகன் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடித்ததும் நேரே விடயத்துக்கு வந்தான்.

"மாமா, ஒரு ஸ்விஃப்ட் பார்த்திருக்கிறன். ஆர்.எஸ்.டி. டர்போ. எண்பது இலட்சத்துக்கு மேல சொல்லுறாங்கள். அந்தக் காசுக்குப் பெறுமதியோ எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

பணம் அவனுடையதன்று. ரொறன்ரோவில் இரவு வேலை செய்யும் அவனது தமையன் ஐந்தாறு ஆண்டுகளாக அனுப்பிச் சேர்ந்தது. அவர்கள் குடியிருக்கும் வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டப்பட்டது. அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த தொகை ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய். அவன் கேட்பது அப்படிப்பட்ட பதினான்கு, பதினைந்து வீடுகளின் விலையில் ஒரு கார். நான் கார் நிபுணன் அல்லன். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு எதையும் அதன் பூர்வீகத்திலிருந்து தொடங்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டர்போ என்பது புதிய சரக்கு அன்று. இயந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் கூடுதல் காற்றை உருளைகளுக்குள் அழுத்திச் செலுத்தும் இந்த யோசனைக்கு சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கப்பல்களிலும் விமானங்களிலும் பயன்பட்டு, 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்ஃபயர் காருக்கு வந்தது. 1973இல் பி.எம்.டபிள்யூ. தன் 2002 டர்போவை வெளியிட்ட சில வாரங்களில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. இரண்டாயிரத்தையும் எட்டாத எண்ணிக்கையோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. எண்ணெய்த் தடை ஒரு காரின் பெறுமதியை எப்படித் தலைகீழாக்கும் என்பது வன்னியாருக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய பாடம் அல்ல.

பெரிய இயந்திரத்தின் வேலையைச் சிறிய இயந்திரத்தைக் கொண்டு செய்விப்பதுதான் இதன் பயன். ஆனால் நம் நாட்டில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. இலங்கையில் இறக்குமதிக் காருக்கான உற்பத்தி வரி இயந்திரத்தின் கொள்ளளவை, அதாவது ‘சீ.சீ.’யை வைத்து அறவிடப்படுகிறது. அளவு கூடக்கூட ஒவ்வொரு சீ.சீ.க்குமான விகிதமும் ஏறுகிறது. அதன்மேல் சுங்கவரி, பெறுமதிசேர் வரி, விலை உயர்ந்த வாகனங்களுக்கு ஆடம்பர வரி என்று வரிக்கு மேல் வரி. மருமகன் பார்த்த ஆர்.எஸ்.டி.யின் இயந்திரம் 996 சீ.சீ. ஆயிரத்துக்கு நான்கு குறைவு! தற்செயலென்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வரி அதிகாரி பானையைத்தான் அளக்கிறார்; அதற்குள் எவ்வளவு காற்றை அமுக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதை அளப்பதில்லை. ஆகவே 930 கிலோ எடையுள்ள காருக்கு 102 குதிரைவலு, வரிப் பட்டியலின் கடைசிப் படியிலேயே கிடைத்துவிடுகிறது. அவன் முதலில் ஆசைப்பட்டது 140 குதிரைவலுவுள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட். அது 1.4 லீற்றர். விலையைக் கேட்டு, இதற்கு இறங்கி வந்திருக்கிறான்.

வரி அதிகாரியே இயந்திரத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது இது முதல் தடவை அல்ல. பிரித்தானியாவில் 1910 தொடக்கம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காருக்கு வரி விதித்த சூத்திரம் விசித்திரமானது. உருளைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் மட்டுமே அது கணக்கிட்டது. உள்ளே முசலம் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதை அது கேட்கவில்லை. உற்பத்தியாளர்கள் சும்மா இருப்பார்களா? உருளையை ஒடுக்கினார்கள், நீட்டினார்கள். 1948இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனரின் இயந்திரம் பழைய மொறிஸ் எய்ற்றிலிருந்து வந்தது. விட்டம் 57 மில்லிமீற்றர், வீச்சு 90. ஒஸ்ரின் ஏ-40இன் வீச்சும் 89. அந்த வரி மாறிய பிறகும் பழக்கம் மாறச் சில காலம் எடுத்தது. அவை வேகமாக ஓடாத, குறைந்த அழுத்த விகிதமுள்ள, பொறுமைசாலி இயந்திரங்கள். ஐம்பதுகளில் அவை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் வந்தன. அவை எமக்கு எதற்குப் பயன்படப் போகின்றன என்பதை இலண்டனில் சூத்திரம் எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கின் மேல் பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். சங்கக்கடையில் பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும், நீர் இறைப்புக்கும், காருக்கும். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். ஒஸ்ரின்கள், கேம்பிரிட்ஜ்கள், மொறிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கிய காலத்தை நேரில் கண்டவன். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காபுரேற்றருக்கு. அந்தச் சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடையில் நின்றுவிட்டால் மறுபடியும் சேலைன். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவதைப் போலவே இருக்கும். வெண்புகை, கண்ணெரிச்சல், மண்ணெண்ணெய் கலந்து நீர்த்துப்போகும் என்ஜின் ஒயில். எல்லாத் துன்பத்தோடும் ஓடின.

ஏன் ஓடின என்பதற்கும் காரணம் உண்டு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடிய இயந்திரத்தில் அது நேரத்துக்கு முன்னரே வெடித்து முசலத்தைத் தட்டும். அந்தப் பழைய கார்களின் அழுத்த விகிதம் ஆறரைக்கும் எட்டுச் சொச்சத்துக்கும் இடைப்பட்டது. மைனரில் காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஆதலால் அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகியது. அதே காலத்தில் ஜப்பானின் நவீன கார்கள் பல கொட்டகைகளில் தென்னோலையால் மூடிக் கிடந்தன. விலைப்பட்டியல் அப்படியே புரண்டுவிட்டது. நாற்பது வருடக் கிழட்டு ஒஸ்ரின் கல்யாணத்துக்கும், பிரசவத்துக்கும், பிணத்துக்கும் ஓடியது. ஓடாத புதுக்கார் கோழிகள் முட்டையிடும் இடமாயிற்று.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் நானும் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தேன். 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர, புதுக்குடியிருப்பு சனத்தால் நிறைந்தது. அங்கே ஒரு கராஜ் அண்ணையைப் பழக்கம். கிழுவை வேலிக்குள் ஒரு கொட்டகை, ஒரு பெட்டி சாவிகள், அவ்வளவுதான் அவரது தொழிற்சாலை. செய்திக்காகப் போகும் எங்கள் மோட்டார் சைக்கிளை எத்தனையோ தடவை உயிர்ப்பித்துத் தந்தவர். ஒரு வாகனத்தைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதற் கேள்வி, அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதன்று. எதிலெல்லாம் ஓடும் என்பதே.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 திறந்தது. பெற்றோலும் புதிய வாகனங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அதன் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது.

2012இல் நான் திரும்பிப் போனபோது புதுக்குடியிருப்புப் பக்கம் துருவேறிய வாகனங்கள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தன. உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள், கார், கணக்கற்ற சைக்கிள்கள். மக்கள் முள்ளிவாய்க்கால் வரை இழுத்துக்கொண்டு போய் அங்கே கைவிட்டவை. அந்தக் குவியலில் எது விலை கூடியது, எது குறைந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் இரும்பு நிறுவைக்குத்தான் போயின.

இப்போதைய எண்பது இலட்சத்துக்கு வருவோம். மருமகன் பார்த்த கார் 2018இல் செய்தது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் கார்களுக்கு அது தளர்ந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையே 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் 200இலிருந்து 360 வரை போனது. எனவே பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கும் விந்தை நிகழ்ந்தது. ஒப்புக்குச் சொல்வதானால், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹுண்டாய் ஐ-20 என் லைன், 998 சீ.சீ., 120 குதிரைவலு, 2021இல் இந்தியாவில் பத்து இலட்சம் இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக விற்பனைக்கு வந்தது. அந்த விலைக்கு அது நல்ல பண்டம் என்றே சொல்வேன். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் இத்தகைய காரை வாங்கினால் காருக்கே பெரும்பாலும் காசு கொடுக்கிறார். புதுக்குடியிருப்பில் வாங்குபவர் வரிக்கும், தடைக்கும், ரூபாயின் வீழ்ச்சிக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் காருக்குக் கொடுக்கிறார்.

அவனிடம் இதைச் சொன்னேன். "ஒருக்கா வந்து ஓடிப் பாருங்கோ மாமா" என்றான். போனேன்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்பு நோக்கி அவன் ஓட்டினான். வீதி இப்போது காப்பெற். வேக எல்லை ஊர்ப்புறத்தில் ஐம்பது, வெளியே எழுபது. மாடுகள் எந்த எல்லையையும் மதிப்பதில்லை. ஆனாலும் ஆளில்லாத ஒரு நேர்க்கோட்டில் அவன் மிதித்தான். முதுகை இருக்கை உள்ளிழுத்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடித்திருந்தது. உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம் சந்திகள் சட்டுச் சட்டென்று பின்னால் போயின. 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டு, பின் ஷெல் விழுந்த ஊர்கள் இவை. அப்போது அவனுக்குப் பத்து வயது. உழவு இயந்திரப் பெட்டியில், பங்கருக்குப் பங்கர் நின்று நின்று, இதே தூரத்தைக் கடக்க அவர்களுக்கு வாரக்கணக்கில் எடுத்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி கண்ணில் பட்டபோது அவன் வேகத்தைக் குறைத்தான்.

"இது இவ்வளவு கிட்டவோ மாமா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த வீதியில் விரைவாகப் போக வேண்டுமென்ற ஆசைக்கு அவனிடம் இருக்கும் காரணம் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. அதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவன் கேட்டது என் அபிப்பிராயத்தை. அதை இறங்கியபின் சொன்னேன்: கார் நல்லது, விலை கூடாது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, அடுத்த மாதம் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று அளந்த நாட்டில் இருக்கிறோம். டர்போ சுழலும் தாங்கிகளுக்குச் சுத்தமான ஒயில் நேரத்துக்கு மாற்ற வேண்டும். பழுதானால் உதிரிப்பாகத்துக்கு வவுனியாவோ கொழும்போ போக வேண்டும். தமையனின் ஐந்தாறு வருட இரவுகளை ஏழு வயதான ஒரு காரில் போடாதே. டர்போ இல்லாத சாதாரண ஸ்விஃப்ட் ஒன்றை அதைவிடக் குறைந்த விலைக்குப் பார், மிச்சத்தில் அம்மாவின் வயலுக்கு ஒரு கிணறு வெட்டு.

முகம் சுருங்கியது. "கராஜ் அண்ணையிட்டையும் ஒருக்காக் காட்டுவம்" என்றான். எனக்கும் அவரைப் பார்க்க ஆசை.

தலை முழுக்க நரைத்திருந்தது. கொட்டகை அதே இடத்தில், இப்போது தகரக் கூரையோடு. பொனற்றைத் திறந்து, பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி, டர்போவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒயில் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து மணந்தார்.

"வடிவான சாமான் தம்பி," என்றார் என் மருமகனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு மண்ணெண்ணெய் போகாது, என்ன?"

மூவரும் சிரித்தோம். அவர் கையைத் துடைத்துவிட்டு உள்ளே தேநீர் வைக்கச் சொன்னார். காரை அன்று மாலையே உரியவரிடம் திருப்பிக் கொடுத்தோம். முற்பணம் கொடுக்கவில்லை. அவன் இன்னும் தமையனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.