மறைந்த வரி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய காரியமில்லை. சமயம் பார்த்து வெளியே அனுப்புவதற்குள்தான் பிராணன் போய்விடும். உயிரணுவுக்கும் இதே சங்கடம் உண்டென்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1982-ம் வருஷம், ஜூலை மாதம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்ற சிற்றூர். அங்குள்ள கடல் உயிரியல் ஆராய்ச்சிசாலைக்குக் கோடையில் வந்திருந்தார் டிம் ஹன்ட் என்ற ஆங்கிலேயர். கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி. உருண்டை உடம்பு, மேலெல்லாம் முள். அதன் முட்டைகள் கருவுற்றதும் என்னென்ன புரதங்களை உண்டாக்குகின்றன என்று பார்ப்பதே அவர் உத்தேசம். கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தைச் சேர்த்தார். சில நிமிஷங்களுக்கொரு முறை கொஞ்சம் முட்டைகளை எடுத்து, புரதங்களைப் பிரித்து, எக்ஸ்ரே பிலிமில் பதித்தார். புரதம் சேரச் சேர அதன் வரி கறுத்துக்கொண்டே போகவேண்டும். மற்ற வரிகளெல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டன. எல்லாவற்றிலும் அழுத்தமாயிருந்த ஒரு வரி மட்டும், முட்டை இரண்டாகப் பிளக்கும் தறுவாயில் மங்கி மறைந்தது. பிறகு திரும்பி வந்தது. அடுத்த பிளவில் மறுபடி மறைந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். புரதம் எப்படி உண்டாகிறது என்பதில்தான் அந்நாளில் பெரும்பாலோருக்குக் கண். அழிவதென்பது குப்பை கூட்டுகிற வேலை. அதை யார் சட்டை செய்தார்கள்? வேறொருவராயிருந்தால், பரிசோதனையில் பிசகு என்று பிலிமைத் தூக்கி எறிந்திருக்கவும் கூடும். ஹன்ட் எறியவில்லை. மறைந்து மறைந்து வந்த அந்தப் புரதத்துக்கு ‘சைக்ளின்’ என்று பெயர் வைத்து, 1983-ல் தம் சகாக்களுடன் பிரசுரித்தார்.

1989-ல் ஆண்ட்ரூ மர்ரேயும் மார்க் கிர்ஷ்னரும் அவர்களுடைய சகாக்களும் ஒரு குறும்பு செய்தார்கள். சைக்ளினின் ஒரு முனையை நறுக்கி, அழிக்க முடியாதபடி பண்ணி, தவளை முட்டையின் சாற்றில் விட்டார்கள். பிளவு தொடங்கியது, முடிய மறுத்தது! அழைத்து வந்தவனே வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

அழிக்கவேண்டிய புரதத்தின்மேல் யுபிக்விடின் என்ற சிறு புரதம் முத்திரைபோல் ஏறுகிறது. அதில் 76 அமினோ அமிலங்கள். முத்திரை விழுந்த புரதத்தைப் பீப்பாய் வடிவமுள்ள ஒரு யந்திரம் துண்டு துண்டாக்குகிறது. சைக்ளினுக்கும் இதே கதிதான் என்று 1991-ல் தெரிந்தது. குரோமோசோம் ஜோடிகள் பிரியாமல் காக்கும் இன்னொரு புரதமும் இப்படியே போகிறது. அது அவசரப்பட்டுப் போய்விட்டால் பாகப்பிரிவினை கோணலாகி, ஒரு குழந்தைக்குக் கூடுதல், மற்றதற்குக் குறைவு. புற்றுநோய் அணுக்களில் இந்தக் கோணல் சகஜம்.

ஹன்டுக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யுபிக்விடினை ஆராய்ந்த ஹெர்ஷ்கோ முதலிய மூவருக்கு 2004-ல். சைக்ளின்மேல் முத்திரை குத்துவது யார் என்று தேடி, இஸ்ரேலிலிருந்து ஹெர்ஷ்கோவும் கோடைகளில் உட்ஸ் ஹோலுக்குத்தான் வந்தார். அவர் கையில் எடுத்தது மட்டியின் முட்டைகளை.